தழும்பின் அளவு

ஹோட்டலின் அடித்தளத்தில் சலவை இயந்திரம் நின்றதும், பெண்கள் ஈரப் படுக்கை விரிப்புகளை உருவி இழுத்து வண்டியில் போட ஆரம்பித்தார்கள். பிரிஜட் மட்டும் சுவரோரம் நின்றாள். கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் இருந்த கட்டியைப் போன வாரம்தான் எடுத்திருந்தார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் மருத்துவமனையில் தாதி இரண்டு வழி சொல்லியிருந்தாள். "வயித்தத் திறந்து செஞ்சா ஆறு வாரம் லீவு. ஓட்டை போட்டுக் குழாய் விட்டுச் செஞ்சா சீக்கிரம் எந்திரிச்சிடலாம். ஆனா கனம் தூக்காதீங்க, ஒரு மாசம்."

பிரிஜட் தினக்கூலி. ஆறு வாரம் வராவிட்டால் அவள் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். ஓட்டையே போதும் என்றாள்.

சூப்பர்வைசர் ஆம்ப்ரோஸ் வந்தார். அந்த அடித்தளத்தில் டை கட்டியவர் அவர் ஒருவர்தான். ஆவியில் அது எந்நேரமும் நனைந்தே தொங்கும்.

"சார், கொஞ்ச நாளைக்கு லைட் டியூட்டி குடுங்க. நாப்கின் மடிக்கிறேன்."

லைட் டியூட்டிக்கு ஒரே ஒரு நாற்காலி இருந்தது. போன வருஷம் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்த பரீதா அதில் இரண்டு மாதம் உட்கார்ந்தாள். அவளுக்கு அடிவயிற்றின் குறுக்கே வெட்டு. ஆம்ப்ரோஸே மைலோ சத்துபான டின் வாங்கிக் கொடுத்து, ஊழியர் நலன் பற்றிச் சிறு உரையும் ஆற்றினார்.

இப்போது அவர் பரீதாவைக் கூப்பிட்டார். "நான் ஆம்பள, பாக்க முடியாது. நீ போய் இவங்க தழும்பப் பாத்துட்டு வா."

உடை மாற்றும் அறையிலிருந்து பரீதா திரும்பி வந்தாள். "பாவம் சார். உள்ள வெட்டுனது வெட்டுனதுதான்."

"வெளிய எவ்வளவு?"

பரீதா தயங்கிவிட்டுச் சுண்டுவிரல் நுனியைக் காட்டினாள். "மூணு ஓட்டை."

ஆம்ப்ரோஸ் தன் சுண்டுவிரலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இதான் மாடர்ன் மெடிசின். பழைய ஆபரேஷனுக்குத்தான் ரெஸ்ட்டெல்லாம். கம்பெனிக்கும் ஒரு ஸ்டாண்டர்டு வேணும்ல, பிரிஜட்?"

"ஆஸ்பத்திரில கனம் தூக்கக் கூடாதுன்னாங்க, சார்."

"முடியலன்னா வீட்டுக்குப் போங்க. வேற ஆளு பாத்துக்கிறேன்."

பிரிஜட் இயந்திரத்துக்கு முன்னால் போய்க் குனிந்தாள். "அக்கா, மெதுவா. நான் இந்தப் பக்கம் புடிக்கிறேன்," என்றாள் பரீதா. முறுக்கிக் கிடந்த விரிப்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வர மறுத்தன. மூன்றாவது இழுப்பில் பிரிஜட் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றுவிட்டாள். அவளுடைய வெள்ளைச் சீருடையில், தொப்புளுக்கு நேரே, ஐந்து காசு நாணயத்தின் அகலத்துக்குச் சிவப்பு படர்ந்தது.

ஆம்ப்ரோஸ் அதைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளி, சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"தள்ளுங்க, தள்ளுங்க. கறை பட்டா போகாது."

அவள் கையிலிருந்த விரிப்பைப் பிடுங்கி, இரு கைகளாலும் அணைத்துத் தூக்கி, அவள்மேல் படாமல் கொண்டுபோய் வண்டியில் வைத்தார்.