ஆறாவது குவளை

பவுடர் கலக்கும் பெண், கைநழுவிய வாளியை எடுக்கத் தெளிவுத் தொட்டிக்குள் இடது கையை விட்டாள். அடுத்த எட்டு நிமிடத்தில் தொட்டியிலிருந்த சேறு முழுவதும் அடியில் போய் உட்கார்ந்தது. என்றோ தொலைந்துபோன ஸ்பானர் ஒன்று பளிச்சென்று மேலிருந்து தெரிந்தது. அது ஒரு செவ்வாய்க்கிழமை. பம்பு பழுதாகிக் கிடந்ததால் அன்று தண்ணீரில் மருந்துப் பவுடர் எதுவும் விடப்படவில்லை என்று குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பதிவேட்டிலேயே இருக்கிறது.

ஒன்பது வருடமாக அவளுக்கு அதே வேலை. சீனி மாதிரி இருக்கும் வெள்ளைப் பவுடரைச் சுழலும் தண்ணீரில் பொறுமையாகத் தூவ வேண்டும். அவசரப்பட்டால் மீன்கண் மாதிரி கட்டி கட்டியாக நிற்கும். பக்குவமாக விட்டால் முட்டை வெள்ளைக்கரு போல நூல் இழுக்கும். கீழே சிந்திய ஒரு சொட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் இன்னும் வழுக்கும். அப்படி இரண்டு பேர் இடுப்பொடிந்து வீட்டோடு கிடக்கிறார்கள். அந்தக் கொழகொழப்பு அவள் கையைவிட்டுப் போனதே இல்லை. உப்புப் போட்டுத் தேய்த்தாள், மண்ணெண்ணெயில் ஊறவைத்தாள், அப்புறம் விட்டுவிட்டாள். புருஷன் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தான். நான்கு வயதில் ஒரு மகள். வேலை வாங்கிக் கொடுத்தது அதே நிலையத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்கும் அக்கா. இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே சமையல்.

செவ்வாய்க்கிழமை சங்கதியை அக்காதான் முதலில் புரிந்துகொண்டாள். "ஆத்து மண்ணுல ஒரு துகளைக் கண்டா இன்னொரு துகளுக்கு ஆகாது. விலகி விலகி ஓடும், அதான் அடியில உக்காராம சுத்துது. பவுடர் போனா எல்லாத்தையும் கோத்துக் கீழ இறக்கிடும். இப்ப நீயே பவுடர் ஆயிட்டடி" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தங்கை வேலையில் நிரந்தரமாகிவிடுவாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நிலையத் தலைவரின் அறைக்குப் போனாள்.

தலைவர் பவுடர் வாங்குவதை நிறுத்தினார். தொட்டியின் குறுக்கே ஒரு பலகை போட்டார்கள். தங்கை அதில் குப்புறப் படுத்து, காலையில் ஆறு நிமிடம், மாலையில் ஆறு நிமிடம் கையைத் தொங்கவிட்டாள். சேறு பஞ்சுப் பொதிகளாகத் திரண்டு இறங்கியது. இரண்டு வருடம் ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது, யாருக்கும் வயிற்றுவலிகூட வரவில்லை. வீட்டில் தூசி, உதிர்ந்த முடி எல்லாம் அவள் காலடிக்கு வந்து சேர்ந்ததால் பெருக்குகிற வேலை மிச்சமானது. பாகப்பிரிவினையில் முகம் கொடுக்காமல் இருந்த பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி, ஒரே நாளில் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மூன்று நாள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு அலைந்தார்கள். இடையில் வந்த ஒரு கல்யாணத்துக்கு அவர்கள் சட்டையைக் கத்தரித்துத்தான் போட வேண்டியிருந்தது. மகள் இரவெல்லாம் அம்மாவோடு ஒட்டித் தூங்குவாள். காலையில் பெரியம்மா வெந்நீர் விட்டு மெதுவாகப் பிரித்தெடுப்பாள், குழந்தை கூச்சத்தில் சிரிக்கும்.

மூன்றாவது வருடம் மழை கொட்டித் தீர்த்தது. ஆறு செங்கல் குழம்பு மாதிரி வந்தது, அவள் கைவிடும் ஆறு நிமிடம் எந்த மூலைக்கும் போதவில்லை. மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று தகவல். தலைவருக்கு அந்த மாதத்தோடு ஓய்வு. தோட்டத்தைப் பார்த்து ஜன்னல் வைத்த அவர் அறை அடுத்து யாருக்கு என்பது அவர் வாயில் இருந்தது. "கையை விட்டாலே இப்படி. கழுத்து வரைக்கும் இறக்கி நாப்பது நிமிஷம் வச்சா?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா ஆறு கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்து, ஆற்றுத் தண்ணீர் ஊற்றி, தங்கையின் விரலை ஒவ்வொன்றிலும் முந்தையதைவிடக் கூடுதல் நேரம் வைத்துப் பார்த்தாள். நான்காவது கண்ணாடியாகத் தெளிந்தது. ஐந்தாவதில் லேசான புகைச்சல். ஆறாவதில் சேறு மறுபடி கிளம்பி, முன்னைவிட மூர்க்கமாகச் சுழன்றது. அளவு மிஞ்சினால் கோத்தது பிரிந்துபோகும், பிறகு எந்தத் துகளும் எதையும் அண்டவிடாது என்று அவளுக்குத் தெரியும். பாடமாகவே படித்தவள். ஆறாவது குவளையை சிங்க்கில் கொட்டிவிட்டு, தாளில் 'தெளிவு' என்று எழுதினாள். "தாங்கும் சார்" என்றாள்.

சங்கிலி கட்டித் தங்கையை இறக்கினார்கள். பதினைந்தாவது நிமிடத்தில் அவள் கால் நகம்வரை தெரிந்தது. அத்தோடு தூக்கியிருக்கலாம்.

"அக்கா, போதும்னு தோணுது. உள்ள ஏதோ தள்ளுது."

"இன்னும் கொஞ்ச நேரந்தான். சும்மா இருடி."

அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பதாவது நிமிடத்தில் தண்ணீர் கலங்கியது. நாற்பதில் தூக்கியபோது தண்ணீர் அவளைவிட்டு விலகி வழிவிட்டது. பொட்டு ஈரமில்லாமல் மேலே வந்தாள். சங்கிலியை அவிழ்க்கப் போன ஆள் நாலு முழம் பின்னால் சறுக்கிப் போய் விழுந்தான்.

அன்றிலிருந்து நாலு முழத்துக்குள் எந்த உயிரும் அவளை நெருங்க முடியவில்லை. குழந்தை அன்று மாலைக்குள் பதினேழு தடவை ஓடி வந்து, பதினேழு தடவையும் பின்னால் போய் உட்கார்ந்தது. அப்புறம் ஓடி வருவதை நிறுத்திவிட்டு, தூரத்திலிருந்து பார்த்தது. தட்டை நீளக் கம்பியால் தள்ளினார்கள். முரண்டு பிடித்தாலும் கடைசியில் போய்ச் சேர்ந்தது. பார்வையிட வந்தவர்கள் மழைதான் காரணம் என்று எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். பவுடர் மறுபடி வந்தது. ஜன்னல் வைத்த அறை அக்காவுக்குக் கிடைத்தது.

ஒரு வாரம் கழித்துத் தங்கை கேட்டாள்: "ஆறாவது குவளையில என்ன வந்துச்சு?"

"தெளிஞ்சுதான் இருந்துச்சு."

"அன்னிக்கு சிங்க்கைக் கழுவினது நான்தான்க்கா."

அக்கா கம்பியால் தண்ணீர்ச் செம்பைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் கேள்விப்பட்டு வந்தார்கள். அவர்கள் தொல்லை நேர் எதிர்: சாயப்பொடி ஒன்றோடொன்று ஒட்டி அடியில் கட்டி தட்டிவிடுகிறது. அண்டாவுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்தால் எந்தப் பொடியும் எதோடும் சேருவதில்லை, நிறம் மாதக்கணக்கில் மிதக்கிறது. உடனே நிரந்தர உத்தரவு கொடுத்தார்கள். தினமும் காலையில் ஒரு வேன் வந்து அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறது. டிரைவர் இருக்கை நாலு முழம் முன்னால் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கிறது.

இது நடந்து ஒன்பது வருடமாகிறது. சாயங்காலம் அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், தெருவில் போகிற ஸ்கூட்டர்கள் தாமாகவே ஒதுங்கிப் போகின்றன. ஓட்டுகிறவர்கள் பேச்சைக்கூட நிறுத்துவதில்லை. மகள் அக்காவோடு தூங்கி, அக்கா தலைவாரிவிட்டு வளர்ந்தவள். அக்காவைத்தான் அம்மா என்கிறாள். பெற்றவளைச் சித்தி என்று கூப்பிடுகிறாள். எப்போதும் எட்டவே நிற்பதால் கொஞ்சம் உரக்கக் கூப்பிட வேண்டியிருக்கிறது. முதல் தடவையே காதில் விழுந்துவிடுகிறது. "என்ன கண்ணு" என்று அவளும் அங்கிருந்தே கேட்கிறாள்.