திருமலைசாமி அனுமதித்தவை

வெள்ளகோவிலில் வீட்டிலிருந்தபடியே ஒரு மருத்துவமனைக்கு நோயாளிகளின் அறிக்கைகளைத் தட்டச்சு செய்து வந்தாள் கனிஷ்கா. அன்று காலை, அவள் மவுஸில் கை வைக்காமலே திரையில் அம்புக்குறி நகர்ந்தது. பதறிப்போய் மோடத்தின் ஒயரைப் பிடுங்கினாள். மருத்துவமனையின் கணினிப் பிரிவினர் போனில் சொல்லச் சொல்ல, உள்ளே புகுந்திருந்த புரோகிராமைக் கண்டுபிடித்து நீக்கினாள்.

“வெளியிலிருந்து உள்ளே வர்ற வழியெல்லாம் மூடணும். அப்பத்தான் மறுபடி வேலை குடுப்போம்” என்றார்கள்.

யாரை உள்ளே விடலாம் என்று காவல் காக்கும் ஃபயர்வாலைத் திறந்து பார்த்தாள். அனுமதி பெற்ற புரோகிராம்கள் வரிசையாக நின்றன. பாதிக்கு மேல் அவளுக்குத் தெரியாதவை.

“ஏனுங்க மாமா, இதுக்கெல்லாம் நீங்களா அனுமதி குடுத்தீங்க?”

மாலை நேரங்களில் அதே கணினியில் உட்காரும் மாமனார் திருமலைசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“ஆமா அம்மணி. ஒவ்வொண்ணும் வரட்டுமான்னு கேட்டுப்போட்டுத்தான் நிக்குது. அத்தனை மரியாதையாக் கேக்கறவங்களை வேண்டாம்னு எப்படிச் சொல்றது?”

சிரிப்பு வந்தது அவளுக்கு. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

“உன்ற வேலைக்கு வினை வெச்சுப்போட்டனே, கண்ணு.”

“அப்படியெல்லாம் இல்லீங்க. வாங்க, நீங்களே எடுத்துடுங்க.”

நாற்காலியை அவருக்கு விட்டாள். அவர் ஒவ்வொரு டிக்கையும் எடுக்கும்போது, “கோவிச்சுக்காதீங்க” என்று முணுமுணுத்தார். வீட்டைக் காப்பதற்காகச் சாத்தும்போதுகூட மனம் நோகாமல் சாத்த நினைத்த அந்த மனிதரை, கனிஷ்காவுக்கு முன்பைவிடப் பிடித்தது.

ஒன்றில் அவர் கை நின்றது. செஸ் விளையாட்டு.

கோவை உக்கடத்தில் அவரோடு கூட்டாகக் கடை வைத்திருந்த நசுருதீன், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். தினமும் மாலையில் இருவரும் அதில்தான் ஆடினார்கள். நசுருதீன் நேராக இந்தக் கணினிக்கு வந்து சேர, கனிஷ்காவின் கணவன் சுரேந்தர் மோடத்தில் போர்ட் எனப்படும் ஒரு நுழைவழியைத் திறந்துவைத்திருந்தான்.

“இதுவும் மூடணுமா?”

“ஆமாங்க மாமா.”

அவர் அந்த டிக்கையும் எடுத்தார். மோடத்திலிருந்த போர்ட்டையும் மூடச் சொன்னார். பிறகு பூஜையறைக்குப் போய்விட்டார்.

கனிஷ்கா, நசுருதீனின் மகள் ஷைமாவைப் போனில் அழைத்தாள்.

“எங்க அத்தா காலைலேர்ந்தே எப்ப ஆட்டம்னு கேட்டுட்டிருக்காரு” என்றாள் ஷைமா.

இருவரும் பேசி, ஓர் இணையதளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு வீட்டாரும் தாங்களாகப் போய் அங்கே சந்தித்துக்கொள்ளலாம். யார் வீட்டிலும் போர்ட்டைத் திறந்துவைக்க வேண்டியதில்லை. மருத்துவமனைக்காரர்களிடமும் கேட்டாள், அதில் தவறில்லை என்றார்கள்.

மாலையில் மாமனாரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். திரையில் செஸ் பலகை தெரிந்தது. அருகிலிருந்த போனில் நசுருதீனின் குரல் வந்தது.

“என்னங்க சாமி, ஒரு காயை நகத்த இத்தனை நேரமா? எனக்கு எலும்பே கூடிரும் போலிருக்கு!”

திருமலைசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு ராணியை முன்னே நகர்த்தினார்.

“முடிஞ்சா இதை வெட்டுங்க, பாய். அடுத்த ஆட்டத்தை இங்க ஊட்டுக்கு வந்து ஆடுவீங்களாமா.”



“வாரேனுங்க” என்றார் நசுருதீன். “நடந்தே வாரேன்.”