வேற மாஸ்டர்

"அம்மா, மாஸ்டருக்குத்தான் வயசாயிடுச்சே, இன்னும் ஏன் கத்துறாரு? அதனாலதானே உனக்குச் சூடேறுது?"

தையல் கூடத்தின் நடுவில் நின்று மகள் இப்படிக் கேட்டதும் மெஷின்களெல்லாம் நின்றன. அம்மா மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தோமா, போனோமா என்று இருக்கக் கூடாதா?

அவள் அம்மா, சட்டைகளின் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்த்துக் கொட்டும். முந்தின நாள்தான் டாக்டரம்மா அவர் தொழிலை வைத்தே விளக்கியிருந்தார்: "மூளைதான் மாஸ்டர். சினைப்பைக்கு அதுதான் மாசாமாசம் ஆர்டர் போடும். வயசானா சினைப்பை ஓய்ஞ்சிடும். மாஸ்டருக்கும் வயசாகும், தாளம் தப்பும். ஆனாலும் முன்னைவிடச் சத்தமா கத்துவாரு. பக்கத்துல உக்காந்து உடம்புச் சூட்டைப் பாத்துக்கிறவரு அதுல குழம்பிடுவாரு."

இது எதுவும் தெரியாத கூடத்து மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். ஜன்னல் பக்கம் போக எழுந்த அக்கா அப்படியே உட்கார்ந்தார். அடிக்கடி எழுந்து ஜன்னலுக்குப் போகிறவர்களைப் பேக்கிங் அறைக்கு மாற்றச் சொல்லி முதலாளி உத்தரவு. அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

"என் சத்தத்துலயாம்மா உனக்குச் சூடேறுது?"

"ஐயோ அண்ணே, அது வேற மாஸ்டர்!"

"இங்க என்னை விட்டா வேற யாரு?"

"விடுங்க மாஸ்டர், உங்க குரல் இருந்தா நமக்கு இஸ்திரிப் பெட்டியே வேணாம்" என்றாள் பட்டன் தைப்பவள். அத்தனை ஆண்கள் முன்னால் சினைப்பையை விளக்க முடியாமல் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் முதல் மாஸ்டர் கிசுகிசுத்தார். "அரைக் கை" என்று அவர் சொன்னது யார் காதிலும் விழாமல், ஒரு கட்டுச் சட்டை முழுக்கை ஆனது. ஜன்னலோரம் இருந்த தன் இடத்தையும் அக்காவுக்குக் கொடுத்தார். "வெளிச்சம் கண்ணைக் கூசுது" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத் தும்மினார். அக்கா ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம், குளிர்காற்றுக்கு, பட்டன் நிற்காத தன் கோட்டைக் கையாலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து அக்காவின் மெஷின் அருகே வந்து குனிந்தார்.

"எங்க வீட்டுக்காரி சொன்னாம்மா. அது தலைக்குள்ள இருக்கிற மாஸ்டராமே?"

அக்கா கழுத்துப்பட்டையைக் கையிலெடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் பழைய இடத்துக்கே போயிடறேண்ணே."

"உக்காரும்மா. இந்த மாஸ்டரும் கத்தினவன்தானே?"

மதியம் கூடம் காலியானதும் அக்கா ஆணியில் தொங்கிய மாஸ்டரின் கோட்டை எடுத்தார். காஜாக்கள் எல்லாம் நைந்து வாய் பிளந்திருந்தன. ஒவ்வொன்றையும் நெருக்கமாகக் கையாலேயே தைத்தார். மடியில் கம்பளிக் கோட்டு, உள்ளே சரியாக அந்நேரம் பார்த்துக் கத்தத் தொடங்கிய மாஸ்டர். வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. கோட்டில் சொட்டாமல் துடைத்துக்கொண்டார்.

கடவுள் பார்த்திருப்பார். அவர் யாரிடமும் போய்ச் சொல்கிறவர் இல்லை.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்து, கோட்டை அதே ஆணியில் மாட்டினார்.