ஐந்தில் மூன்று

சாவித்துண்டை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டதும், நாங்கள் தாடி என்று கூப்பிடும் பையன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

"பத்திரமாத்தான்க்கா வெச்சேன்."

"எங்கே?"

"வால்ட்டுக்குள்ளயே."

தலையில் அடித்துக்கொண்டேன். பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய புத்திசாலியை எங்கள் குழுவில்தான் பார்க்க முடியும்.

எங்கள் சர்வர்களில் பல நிறுவனங்கள் குடியிருக்கின்றன. அத்தனை பேரின் பாஸ்வேர்டுகளும் வால்ட் என்கிற ஒரே மென்பொருளுக்குள் கிடக்கும். சர்வர் அணைந்து எழுந்தால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்கும் சாவி ஒரு நீளமான எழுத்துக்கோவை. அதை ஐந்து துண்டாக்கி ஐந்து பேரிடம் கொடுத்திருக்கிறோம், மூன்று சேர்ந்தால்தான் திறக்கும். ஏற்பாடு என்னுடையது, விதிகளை எழுதிய மகராசியும் நானே. துண்டை ஃபோனில் சொல்லக் கூடாது. உரியவர் நேரில் வந்து தானே அடிக்க வேண்டும். அடிக்கும்போது மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அன்று எல்லோரும் கைதட்டினார்கள்.

இன்று காலை எவனோ அப்டேட் என்ற பெயரில் சர்வரை அணைத்து எழுப்பிவிட்டான். என் துண்டைப் போட்டாயிற்று. நெட்வொர்க் பார்க்கும் பெண்ணும் போட்டுவிட்டுப் போனாள். மேலாளர் விமானத்தில் இருக்கிறார். தாடியின் லட்சணம் தெரிந்துவிட்டது. மிச்சமிருக்கும் துண்டு கீழ்த்தளத்தில், டேட்டாபேஸ் பிரிவில், என் கணவரிடம் இருக்கிறது. நாங்கள் பேசி ஒரு வாரமாகிறது.

மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்ததை அவர் ஒருவரிடம்தான் சொன்னேன். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றும் சொன்னேன். மறுநாளே நாத்தனார் ஃபோனில் ஓவென்று அழுகிறாள். கேட்டால், "என்னால தாங்க முடியல, யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு" என்றார். எனக்கு மட்டும் தாங்குகிறதா?

முடிவு இன்று காலை வந்திருக்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்கூடமும் எங்கள் சர்வரில்தான் ஓடுகிறது. வால்ட் திறக்காமல் அங்கிருந்து ஒரு செய்தியும் வெளியே வராது.

"அண்ணா, கொஞ்சம் மேல வாங்களேன்" என்று தாடிதான் கூப்பிட்டான்.

வந்தார். என்னைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் திரும்பிக்குங்க."

தாடி திரும்பினான். நான் நின்றேன்.

"நானுமா?"

"நீ போட்ட ரூல்தானே?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யாருக்கும் புரியாத எழுத்துகளை என்னிடமிருந்தே இப்படிக் காப்பாற்றுகிற மனிதருக்கு, என் ஒரு வார்த்தையை ஒரு நாள் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பினேன். எதிரே தீயணைப்பான், அதன்மேல் உபயோகிக்கும் முறை.

அவர் விரல்கள் கீபோர்டில் பறக்கும், கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற சத்தம். இன்று ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. நின்றது. அழித்தார். மறுபடி முதலிலிருந்து.

"என்ன ஆச்சு?" என்றேன் சுவரிடம்.

"தப்புத் தப்பா விழுது. உன் ரிப்போர்ட்டும் இதுக்குள்ளதானே இருக்கு."

தாடிக்குக் கேட்டிருக்கும். இவர் எப்போதுமே இப்படித்தான். கண்ணில் நீர் கட்டியது, எரிச்சலா வேறெதுவா என்று எனக்கே தெரியவில்லை.

கடைசி எழுத்து விழுந்தது. வால்ட் திறந்துகொண்டது. மேசைமேல் இருந்த என் கைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்தது.

"திரும்பலாம்மா" என்றார்.

தீயணைப்பானில், முதலில் பாதுகாப்பு ஊசியைப் பிடுங்கவும் என்று எழுதியிருந்தது. நான் திரும்பாமல் அந்த ஒரே வரியை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்.