வாய்க்கால் வெட்டிய வீடு

1945, ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் பிடித்ததும் கலெக்டர் பெரிய துரை அங்கே பங்களாவுக்கு வந்துவிட்டார். எங்களுக்குத் தலைவலியும் வந்துவிட்டது.

சான் பிரான்சிஸ்கோவில் ஐம்பது நேச நாடுகள் கூடி, இனி உலகத்தில் சண்டையே வராமல் பார்த்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டார்களாம். இந்தியாவுக்காக சர்க்காரே ஆள் அனுப்பியிருந்தது. அதற்கு நன்றி சொல்லும் தாள் ஒன்றில், பட்டாளத்துக்குப் பிள்ளை கொடுத்த வீடுகளில் கைநாட்டு வாங்கி வந்து துரையிடம் கொடுக்க வேண்டும் என்று தாசில்தார் உத்தரவு. போர்டு பள்ளிக்கூட வாத்தியார் என்றால் இவர்களுக்கு இளக்காரம்தானே, அச்சன்புதூரை என் தலையில் கட்டினார்கள்.

“ஒரு வீடு விட்டாலும் உம்ம வேலை போயிரும், நம்பிராஜன்” என்று சொல்லித்தான் தாசில்தார் தாளைக் கொடுத்தார். வீட்டில் நாலு பிள்ளைகள். வாயை மூடிக்கொண்டு வாங்கினேன்.

பதினோரு வீட்டில் மறுபேச்சில்லாமல் வைத்துவிட்டார்கள். பன்னிரண்டாவது வீடு வடிவம்மாளுடையது. அவள் மகன் பலவேசம் போன வருஷம் இம்பால் சண்டையில் செத்துப்போனவன். என்னிடம் படித்தவன்.

தாளை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“அங்கன நமக்காகப் பேசுனது யாருய்யா?”

“சர்க்கார் அனுப்புன ஆளுக.”

“அவுகள நாமளா அனுப்புனோம்?”

“இல்ல.”

வந்ததே கோபம் அவளுக்கு!

“வாய்க்கால் வெட்ட ஆளு அனுப்புன வீடுதான நம்ம ஊரு தண்ணிக்கூட்டத்துல உக்காந்து பேசுது? அனுப்பாதவன் வாயத் தொறந்தா விடுவோமா? நான் எம்பிள்ளைய அனுப்பிட்டு நிக்கேன். என் எடத்துல எவனோ உக்காந்து பேசுவான், அதுக்கு நான் கும்பிடு வேற போடணுமோ? மாட்டேன்.”

“வடிவக்கா, என் வேலை போயிரும்.”

“போவட்டும்! எம்பிள்ளையே போயிட்டான்.”

எனக்குச் சுருக்கென்றது. நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பயல் சாவுக்கு நன்றிச் சீட்டு வாங்கித் திரிகிறேனே, தூ!

தாளைத் திருப்பினேன். “சொல்லுங்க, எழுதுதேன்.”

‘சண்டை போட்டது எங்கள் பிள்ளைகள். அடுத்த கூட்டத்துக்கு எங்கள் ஆளை நாங்கள்தான் அனுப்புவோம்.’ அவ்வளவுதான் சொன்னாள். பெருவிரலை அழுத்தி வைத்தாள். பிறகு இருவருமாக மற்ற வீடுகளுக்கும் போய் வாசித்துக் காட்டினோம். ஒன்பது வீட்டில் இந்தப் பக்கமும் வைத்தார்கள்.

பங்களா வாசலில் தாசில்தார் தாளைத் திருப்பிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

“இத எழுதுனது யாருவே?”

“நான்தான்.”

“துரை பாக்கதுக்கு முன்ன அடிச்சிரும். வேலையாவது மிஞ்சும்” என்று பேனாவை நீட்டினார்.

வாங்கினேன். வடிவம்மாளின் ரேகைக்குக் கீழே கொட்டை எழுத்தில் என் கையெழுத்தைப் போட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.