பூஜையில் வைத்த பலகை

இளமதி குனிந்து ரோடு ரோலரின் சக்கரத்துக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள். மண்வெட்டி, கடப்பாரை, தார் வாளி எல்லாவற்றுக்கும் வைத்தாகிவிட்டது. சுவரில் சாய்த்திருந்த எச்சரிக்கைப் பலகைதான் பாக்கி. சிவப்பு முக்கோணத்துக்குள் ஓர் ஆள் மண் வெட்டிக்கொண்டிருப்பான். அவனுக்கு மாலை போட அவளுக்குக் கை வரவில்லை. காலையில்தான் வீட்டில் புருஷன் தங்கராசுவின் படத்துக்குச் சாமந்தி போட்டுவிட்டு வந்திருந்தாள். கூட வேலை பார்க்கும் விருத்தாம்பாள் வந்து பலகைக்குக் குங்குமம் வைத்து மாலையும் போட்டாள்.

தங்கராசு இந்த வேலையில்தான் இருந்தான். தேசிய நெடுஞ்சாலைக்குப் புதிதாகப் புறவழி போட்டதும், ஊருக்குள் போகிற பழைய சாலை மாநிலத்தின் கைக்கு வந்தது. மைல்கல்லின் மஞ்சள் தலைக்குப் பச்சையடித்து, சாலை எண்ணையும் மாற்றி எழுத வேண்டும். எல்லாக் கல்லும் முடிந்து வளைவில் ஒன்று மட்டும் நின்றது. அன்றைக்கும் ஆயுத பூஜை. பலகை, ஒளிரும் சட்டை, சிவப்புக் கொடி எல்லாம் பூஜையில் இருந்தன. படைத்ததை மறுநாள் வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள். "பத்து நிமிஷ வேலைதான" என்று சிரித்துக்கொண்டே புது பிரஷ்ஷும் பெயிண்டும் மட்டும் எடுத்துக்கொண்டு போனான். வளைவில் திரும்பிய லாரிக்காரனுக்கு, அங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று யார் சொல்வது? விசாரணையில் தங்கராசுமேலேயே கவனக்குறைவு என்று எழுதிவிட்டு, அவன் வேலையை இவளுக்குக் கொடுத்தார்கள். பூஜையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஆத்திரம் இளமதிக்கு இன்னும் அடங்கவில்லை. அந்த வேலைச் சோற்றைத்தான் அவளும் மகள் ஸ்ரீமதியும் தின்கிறார்கள்.

பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்து முடித்த நேரம். சாலை ஆய்வாளர் உத்திராபதி செல்போனைப் பையில் போட்டுக்கொண்டே வந்தார்.

"இளமதி, பெரிய சாரு சாயங்காலம் அந்த வழியாத்தான் சிதம்பரம் போறாராம். வளைவுல அந்தக் கல்லு அப்பிடியே கெடக்கு. மத்தவங்க யாரும் கிட்டப் போவ மாட்டேங்கிறாங்க. நீ போயி முடிச்சிட்டு வந்துரு."

பூஜையில் வைக்காத புது பிரஷ் ஒன்றையும் பச்சை பெயிண்ட் டப்பாவையும் அலமாரியிலிருந்து எடுத்து நீட்டினார். பிரஷ்ஷைப் பற்றி யோசிக்கத் தெரிந்த மனுஷன்.

"போறேன் சார். பலகைய எடுத்துக்கிறேன்."

"பூஜையில வச்சதயா? நாளைக்குத்தான் எடுக்கணும். பத்து நிமிஷ வேலம்மா."

"அவரும் அதத்தான் சொல்லிட்டுப் போனாரு."

உத்திராபதியின் முகம் கறுத்தது. "தொட்டீன்னா மேல எழுதிப் போட்ருவேன். அப்புறம் வேல போச்சின்னு எங்கிட்ட வந்து அழக் கூடாது."

விருத்தாம்பாள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாண்டி, சாமி குத்தமாயிடும்."

"அன்னிக்கு யாரும் தொடலியேக்கா. சாமி இன்னா பண்ணிச்சி?"

விருத்தாம்பாளின் பிடி தளர்ந்தது. ஸ்ரீமதியின் முகம் கண்முன் வந்தது இளமதிக்கு. வேலை போனால் அவள் படிப்பு போகும். இவளும் போய்விட்டால்? குத்துவிளக்கைச் சுற்றிப் போய்ப் பலகையை மாலையோடு தூக்கினாள். இரும்புச் சட்டம் தோளை அழுத்தியது. யாரும் ஒரு கை பிடிக்க வரவில்லை.

வளைவுக்கு வெகு முன்னாலேயே பலகையை நிறுத்தினாள். கல்லருகே உட்கார்ந்தாள். கல்லின் தலையில் ஒரு பாதி பச்சை, மறுபாதி மஞ்சள். பச்சை முடிகிற இடத்தில் பிரஷ் இழுபட்டுப்போன தடம் அப்படியே காய்ந்திருந்தது. தங்கராசுவின் கை கடைசியாகப் பட்ட இடம். அதைத் தொடாமல் பக்கத்து மஞ்சளில் பிரஷ்ஷை வைத்தாள். அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது.

பின்னால் பஸ் சத்தம் கேட்டதும் உடம்பெல்லாம் இறுகித் திரும்பிப் பார்த்தாள். பலகையைக் கண்டு பஸ் வேகம் குறைந்து, ஒதுங்கி, மெல்லக் கடந்து போனது. அது கிளப்பிய காற்றில் சாமந்தி மாலை ஆடியது. நெற்றியில் குங்குமமும் கழுத்தில் மாலையுமாக, முக்கோணத்துக்குள் அந்த ஆள் குனிந்து மண் வெட்டிக்கொண்டே இருந்தான்.