மூன்றாகப் பிரித்த கடவுச்சொல்

1

இந்தக் கதை ஒரு கூட்டக் குறிப்புக் கொப்பியிலிருந்து தொடங்கியது. அந்தக் குறிப்பை எழுதியவன் தயாபரன். இதை எழுதுகிறவனும் அவனே. தன்னை ‘அவன்’ என்று எழுதினால் பிழையில் பாதியாவது வேறு யார் தலையிலாவது விழும் என்று நம்புகிறான்.

(முதல் தொடக்கம்: ‘2004இல் கிளிநொச்சியில் ஒரு தகவல் புரட்சி…’ வெட்டப்பட்டது. புரட்சி நடந்த மாலை வகுப்பில் நான்கு கணினிகள். மூன்று வேலை செய்தன.)

2

போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில் மூன்று தரப்பு சேர்ந்து ஒரே இணையப் பெயரை (டொமைன்) பதிந்தன: வட்டக்கச்சிக் கமக்காரர் (விவசாயிகள்) சங்கம், 1990இல் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டுச் செட்டிகுளத்தில் இருந்த முஸ்லிம் வியாபாரிகள் சங்கம், தயாபரன் செயலாளராக இருந்த மாலை வகுப்பு. அந்தப் பெயரின் கீழ் ஒவ்வொரு தரப்பும் தன் ஆட்களுக்கு மின்னஞ்சல் முகவரி கொடுத்தது. பெயருக்குரிய கடவுச்சொல்லை யார் வைத்திருப்பது?

வட்டக்கச்சியில் ஒரு வாய்க்கால் கதவுக்கு இரண்டு பக்கத்தாரும் ஆளுக்கொரு பூட்டுப் போட்டுத் தத்தம் திறப்பை (சாவியை) வைத்திருந்தார்கள்; இருவரும் வந்தால்தான் தண்ணீர். தயாபரன் அதைப் பார்த்துக் கடவுச்சொல்லை மூன்று துண்டாக்கினான். மூவரும் ஒரே கணினியின் முன் வந்து தத்தம் துண்டைத் தட்ட வேண்டும்; எழுதியோ சொல்லியோ அனுப்பக் கூடாது. எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைய நாட்குறிப்பில் இரண்டு ஆச்சரியக்குறிகள் உள்ளன.

3

2006 ஆகஸ்டில் பாதை பூட்டப்பட்டது. டிசம்பர் 28 உடன் பெயர் காலாவதியாகும்; புதுப்பிக்கக் கடவுச்சொல் வேண்டும், மூன்றாவது துண்டோ பூட்டிய பாதைக்கு அப்பால், செட்டிகுளத்தில்.

பக்கத்து வீட்டு இராசமலரின் மகன் எங்கோ ஒரு நாட்டுத் தடுப்பு முகாமில். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய முகவரியிலிருந்து எழுதுவான். பதில் போட்டால் திரும்பி வரும். அவனுக்குத் தெரிந்தது அந்தப் பெயரின் கீழிருந்த தாயின் முகவரி மட்டும். பெயர் போனால் அதுவும் போகும்.

[இங்கே ஒரு கண்ணீர் வசனம் இருந்தது. அவா அழவில்லை; வகுப்புக்கு வந்து உட்கார நாற்காலி கேட்டா.]

“தம்பி, உந்தக் கதிரையை இஞ்சால விடும். ஆர் இந்தச் சட்டம் போட்டது?”

“குழு, அக்கா.”

(குழு: தயாபரன், ஒரு பேனை.)

4

வகுப்பின் செய்மதி (செயற்கைக்கோள்) இணைப்பில் மின்னஞ்சல் மட்டும் போய்வந்தது. புதுப்பிக்கும் பக்கம் திறக்கவில்லை. செட்டிகுளத்து வியாபாரிகள் சங்கத்தின் துண்டை வைத்திருந்த முன்ஸிருக்கு எழுதினான். பதில் வந்தது: “இஞ்ச லைன் நல்லாக் கிடக்கு. உங்கட ரெண்டு துண்டையும் அனுப்புங்கோ, நான் செய்யிறன். சட்டத்துக்குப் பிழைதான். அதை மாத்துறதுக்கும் மூண்டுபேரும் ஒரு இடத்தில கூட வேணும் எண்டு எழுதியிருக்கிறியள். நல்லா யோசிச்சிருக்கிறியள், தம்பி.”

கமக்காரர் தலைவர் சிற்றம்பலம் துள்ளினார். “முழுத் திறப்பும் ஒரு ஆளின்ர கையிலயோ? பேரோட போயிட்டா?”

தயாபரன் இதை ‘சில தயக்கங்கள்’ என்று நாகரிகமாக்கி அனுப்பினான். முன்ஸிருக்கு விளங்கிவிட்டது.

“தொண்ணூறில வீட்டுத் திறப்பைக் குடுத்திட்டு வந்த ஆக்கள் நாங்கள். ஒரு பேரைத் தூக்கிக்கொண்டு எங்க போக?”

சிற்றம்பலம் அதை இரண்டு முறை வாசித்தார். ஒரு தாளில் எதையோ எழுதி மேசையில் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

“நான் தரேல்லை. மறந்துபோய் விட்டிட்டுப் போறன். கொப்பியில அப்பிடியே எழுதும்.”

5

முடிவு அ: அனுப்பினான், பெயர் பிழைத்தது. (தயாபரன் நல்லவனாகிவிடுகிறான். அவனைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.)

முடிவு ஆ: அனுப்பவில்லை, சட்டம் பிழைத்தது. (நம்பலாம். ஆனால் இராசமலரிடம் அதை யார்…)

28ஆம் திகதி. முன்ஸிருக்கான மடலில் இரண்டு துண்டுகளையும் தட்டிவிட்டான். இன்னும் அனுப்பவில்லை.

“என்ன தம்பி, பாத்துக்கொண்டிருக்கிறீர்?” என்றா இராசமலர்.

உங்களைத்தான், வாசகரே. முன்ஸிரை உங்களுக்குத் தெரியாது என்பீர்கள். தயாபரனும் அவரை நேரில் கண்டது ஒருமுறைதான்; அன்று அவரிடமிருந்து எதையெல்லாம் காப்பாற்றலாம் என்று எழுதிக்கொண்டிருந்ததில் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்கு மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். இப்போது மூன்று ஐம்பது. அனுப்பும் பொத்தான் வலப்பக்கம் மேலே இருக்கிறது.